பிஸ்டல் ரீலோடிங்குக்கு எந்த பவுடர்? தப்பு நடந்தா கண்ணுக்குத் தெரியிற பவுடர்

தோட்டா ரீலோட் பண்ண, அதாவது சுட்டு முடிச்ச காலி கேஸுக்குள்ள (தோட்டாவோட உலோகக் கூடு) மறுபடி பவுடர்ங்கிற துப்பாக்கி மருந்தையும் குண்டையும் வெச்சு புது தோட்டா பண்ண ஆரம்பிக்கிறவங்க முதல்ல கேக்குற கேள்வி "9 எம்எம்முக்கு எந்த பவுடர் பெஸ்ட்?". பதிலும் உடனே வந்துரும், ஒருத்தர் டைட்குரூப்ம்பார், இன்னொருத்தர் 231ம்பார், பழைய ஆளுங்க புல்ஸ்ஐ இல்லன்னா யுனீக்ம்பாங்க, கொஞ்சம் காசு செலவு பண்றவங்க என்320ன்னு சொல்லிட்டு போயிருவாங்க. இதுல எதுவும் தப்பான பதில் இல்ல, எல்லாமே நல்ல மருந்துதான். கேள்விதான் கோணல். பெஸ்ட்ன்னா எதுல பெஸ்ட், குறி பார்க்குறதுலயா, காசு மிச்சம் பண்றதுலயா, உதை கம்மியா வர்றதுலயா? புதுசா பண்றவருக்கு இது எல்லாத்துக்கும் முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: நான் கவனம் சிதறி ஒரே கேஸ்ல ரெண்டு தடவ மருந்து போட்டுட்டா அது என் கண்ணுக்குத் தெரியுமா? எந்த பவுடருக்கு ஆமான்னு பதில் வருதோ அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம்ங்கிறதுதான் என் கட்சி. ஏன்னு புரியணும்னா மருந்து உள்ளுக்குள்ள எப்படி எரியுதுன்னு கொஞ்சம் பார்க்கணும்.

(ஒரு விஷயம் சொல்லிடுறேன். ரீலோடிங்குக்கு எங்க அனுமதி உண்டு, எங்க லைசென்ஸ் வேணும், வீட்ல எவ்வளவு மருந்து வெச்சுக்கலாம்ங்கிறது நாட்டுக்கு நாடு மாறும், அது தெரியாம டப்பா வாங்கக்கூட போகாதீங்க. கீழ நான் எந்த தோட்டாவுக்கும் இத்தன கிரெய்ன் (மருந்து, குண்டு எடைய அளக்குற சின்ன அலகு) போடுங்கன்னு சொல்லப் போறதில்ல, அந்த நம்பர் பவுடர் கம்பெனியோட மேனுவல்லேர்ந்து மட்டும்தான் வரணும்.)

கருமருந்துன்னு நாம சொல்றது வெடியுப்பு, கரி, கந்தகம் மூணும் கலந்தது, பொதுவா 75க்கு 15க்கு 10ங்கிற விகிதம். பல நூறு வருஷம் துப்பாக்கின்னா அதுதான். அதுல ஒரு சௌகரியம் இருந்துச்சு, கேஸ் நிறைய கொட்டி மேல குண்ட வெச்சு அமுக்குறதுதான் வழக்கம், அதனால ரெண்டு மடங்கு போடுறதுக்கு உள்ள இடமே இருக்காது. பொருளே பாதுகாப்பு குடுத்துட்டு இருந்துச்சு. 1884ல பிரான்ஸ்ல பால் வியேய்ங்கிற வேதியியல்காரர் நைட்ரோசெல்லுலோஸ வெச்சு பூத்ர் பி (Poudre B) அப்படின்னு ஒரு மருந்து பண்ணார், முதல்ல உருப்படியா வேலை செஞ்ச புகையில்லா மருந்து அதுதான், ரெண்டு வருஷத்துல அத சுடுற லெபெல் ரைஃபிளும் பிரெஞ்சு ராணுவத்துக்கு வந்துருச்சு. 1887ல ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோசெல்லுலோஸ்கூட நைட்ரோகிளிசரினையும் சேத்து பாலிஸ்டைட்னு கொண்டு வந்தார். இன்னைக்கும் கடைல இருக்கிற மருந்தெல்லாம் இந்த ரெண்டு குடும்பம்தான், நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் இருந்தா சிங்கிள் பேஸ், நைட்ரோகிளிசரினும் சேந்தா டபுள் பேஸ். பிஸ்டல் பவுடர்ல பெரும்பாலானது டபுள் பேஸ்.

புது மருந்துல சக்தி பல மடங்கு, அதனால போட வேண்டிய அளவு ரொம்ப கம்மி. பிரச்சினை ஆரம்பிச்சதே இங்கதான். .38 ஸ்பெஷல்ங்கிற ரிவால்வர் தோட்டா 1898ல வந்தப்போ அது கருமருந்துக்காக வடிவமைச்ச கேஸ், நல்லா நீளம். .45 கோல்ட் இன்னும் பழசு, 1873. ரெண்டும் இன்னைக்கும் ஓடுது, கேஸ் அளவு அதேதான், ஆனா உள்ள போற மருந்து ஒரு சிட்டிகை. டைட்குரூப் மாதிரி அடர்த்தியான பவுடர் நாலு கிரெய்ன் அளவுல .38 கேஸுக்குள்ள விழுந்தா அடில ஒரு மெல்லிசு படலம்தான், அதே அளவு ரெண்டாவது தடவ விழுந்தாலும் சரி மூணாவது தடவ விழுந்தாலும் சரி கேஸ் வழியாது, குண்டு சமத்தா மேல உக்காந்துக்கும், வெளிலேர்ந்து பார்த்தா மத்த தோட்டாவுக்கும் அதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. எடை போட்டு பிரிச்சிரலாமேன்னு கேக்கலாம். கேஸும் குண்டும் ஒண்ணுக்கொண்ணு ரெண்டு மூணு கிரெய்ன் முன்ன பின்ன இருக்கும், அதனால முடிஞ்ச தோட்டாவ தராசுல வெச்சா நிச்சயமா ஒண்ணும் சொல்ல முடியாது.

ரெண்டு மடங்கு மருந்து போட்டா ரெண்டு மடங்கு அழுத்தம்னு நினைக்கிறவங்க நிறைய பேர். அப்படி இல்ல. புகையில்லா மருந்து எரியிற வேகம் அதச் சுத்தி இருக்கிற அழுத்தத்த பொறுத்தது, அந்த கணக்குக்கு பேரே வியேய் விதி, மேல சொன்ன அதே ஆள். திறந்த வெளில ஒரு சிட்டிகைய கொளுத்தினா மஞ்சளா ஒரு தீ எழும்பி அடங்கிரும், அவ்வளவுதான். அதையே மூடின அறைக்குள்ள எரிச்சா, எரிய எரிய வாயு வரும், வாயு வர வர அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமா எரியும், குண்டு முன்னாடி நகர்ந்து இடம் குடுக்கிற வரைக்கும் இந்த சுத்து நிக்காது. அதனால மருந்த கொஞ்சம் கூட்டினா அழுத்தம் அத விட ஜாஸ்தியா கூடும், ரெண்டு மடங்கு போட்டா எங்க போய் நிக்கும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க முடியாது. .38 ஸ்பெஷலுக்கு அமெரிக்க தொழில்துறை அமைப்பான சாமி (SAAMI) வெச்சிருக்கிற உச்ச சராசரி அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்சுக்கு இத்தன பவுண்டுங்கிற அலகு), .45 ஏசிபிங்கிற பிஸ்டல் தோட்டாவுக்கு 21,000, 9 எம்எம்முக்கு 35,000. துப்பாக்கி பண்றவங்க இதுக்கு மேல கொஞ்சம் தாங்குற மாதிரிதான் பண்றாங்க, ஆனா அது கம்பெனி தனக்காக வெச்சுக்கிட்ட இடம், நாம போய் உபயோகிக்கிறதுக்கு இல்ல.

இப்போ வேகம்ங்கிற விஷயத்துக்கு வருவோம், ஏன்னா பவுடர் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஃபாஸ்ட், ஸ்லோன்னுதான் பேசிக்கிறாங்க. பிஸ்டல் பேரல் நாலு அஞ்சு இஞ்ச்தான், குண்டு வெளிய போறதுக்குள்ள மருந்து எரிஞ்சு முடியணும்னா வேகமா எரியிறது வேணும். ரைஃபிள் பேரல் இருபது இஞ்சுக்கு மேல, குண்டும் கேஸும் பெருசு, அங்க மெதுவா எரிஞ்சு ரொம்ப நேரம் தள்ளிட்டே இருக்கிறது வேணும். வைக்கோல கொளுத்துறதுக்கும் கட்டைய கொளுத்துறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கலாம், ஆனா இதுல வித்தியாசம் மருந்தோட ரசாயனத்துல மட்டும் இல்ல, வடிவத்துலயும் இருக்கு. மெல்லிசு செதில் மாதிரி இருந்தா மேற்பரப்பு ஜாஸ்தி, சட்டுன்னு தீரும். நடுவுல ஓட்டை வெச்ச குழல் மாதிரி இருந்தா வெளிப்பக்கம் எரிஞ்சு சுருங்கிறப்போ உள்பக்கம் எரிஞ்சு விரியும், அதனால ஒரே சீரா எரியும். உருண்டையா இருக்கிற பால் (ball) பவுடர் 1930கள்ல வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் கம்பெனி பண்ண ஆரம்பிச்சது, அதுக்கு மேல தடவுற பூச்சுதான் வேகத்த கட்டுப்படுத்துது. இது போக கிராஃபைட் பூச்சு, மருந்து ஒட்டாம உருண்டு ஓடுறதுக்கும் நிலை மின்சாரம் சேராம இருக்கிறதுக்கும்.

பர்ன் ரேட் சார்ட்னு ஒண்ணு எங்க பார்த்தாலும் கிடைக்கும், வேகமானது மேல, மெதுவானது கீழன்னு நூத்துக்கும் மேல பேர் வரிசையா இருக்கும். அத வெச்சு ஒரு பவுடர் எந்த ரகம்னு தோராயமா தெரிஞ்சுக்கலாம், அதுக்கு மேல அதுக்கு உபயோகம் இல்ல. பக்கத்து பக்கத்துல ரெண்டு பேர் இருக்குதுங்கிறதுக்காக ஒண்ணோட டேட்டாவ (மேனுவல்ல குடுத்திருக்கிற அளவுகள) இன்னொண்ணுக்கு போடுறது சுத்தமா கூடாது. சார்ட்ல இருக்கிறது வரிசை மட்டும்தான், அடுத்தடுத்த ரெண்டு பேருக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அது சொல்லாது. போதாததுக்கு அழுத்தம் மாறினா, கேஸ் மாறினா அந்த வரிசையே முன்ன பின்ன ஆகும்.

வேகமான பவுடருக்கு ஒரு கவர்ச்சி உண்டு. கொஞ்சம் போட்டா போதும். ஒரு பவுண்டுல 7000 கிரெய்ன், தோட்டாவுக்கு நாலு கிரெய்ன்னா ஒரு டப்பால 1750 தோட்டா வருது, ஆறு கிரெய்ன் வேணும்ங்கிற பவுடர்ல 1166தான். உதை கம்மி, தீப்பிழம்பு கம்மி. போட்டிக்கு சுடுறவங்க பவர் ஃபேக்டர் கணக்கு பார்ப்பாங்க, குண்டு எடைய (கிரெய்ன்ல) வேகத்தால (வினாடிக்கு இத்தன அடி) பெருக்கி ஆயிரத்தால வகுக்கிறது, மைனர்ங்கிற பிரிவுன்னா 125 தாண்டினா போதும், அதுக்கு வேகமான பவுடர் கொஞ்சமா போட்டு கனமான குண்டு வெச்சா மெத்துன்னு இருக்கும். இதெல்லாம் நிஜம்தான், நான் மறுக்கல. ஆனா வேகமான பவுடர்ல ஆரம்ப அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவுல இருக்கிற இடம் ரொம்ப குறுகல், சில தோட்டாவுக்கு மேனுவல்ல பார்த்தா அரை கிரெய்ன்கூட இருக்காது. அரை கிரெய்ன்னா சுமார் 32 மில்லிகிராம். தராசு கொஞ்சம் நகர்ந்து உக்காந்திருந்தாலோ, ஃபேன் காத்து பட்டாலோ அந்த இடம் பாதி போயிரும். நடுத்தர வேகத்துல இருக்கிற பவுடர்ல அதே தோட்டாவுக்கு அந்த இடைவெளி ஒரு கிரெய்ன் வரைக்கும் கிடைக்கும். ஒரு டப்பாக்கு கொஞ்சம் தோட்டா கம்மியா வருதுன்னு இத விட்டுக் குடுக்கிறது எனக்கு நல்ல வியாபாரமா தெரியல, அதுவும் புதுசா பண்றவருக்கு.

அதனால ஆரம்பிக்கிறவர் மேனுவல திறந்தா முதல்ல தன் தோட்டாவையும் குண்டையும் எடுத்து, அதுக்கு எந்தெந்த பவுடருக்கு டேட்டா இருக்குன்னு பார்க்கணும், அதுல நடுத்தர வேகம் எது, அதுலயும் எது கேஸ பாதிக்கு மேல நிரப்புதுன்னு பார்க்கணும். பாதிக்கு மேல நிரம்பிச்சுன்னா ரெண்டாவது தடவ விழுந்தா பவுடர் மேல வழிஞ்சு மேஜைல கொட்டும், குருடனுக்குக்கூட தெரியும். யுனீக் இன்னைக்கும் ஏன் ஓடுதுன்னு கேட்டா பெரிய காரணம் இதுதான், 1900ல வந்த பவுடர், செதில் செதிலா உப்பின மாதிரி இருக்கும், நிறைய இடம் பிடிக்கும். .38 ஸ்பெஷல், .45 கோல்ட் மாதிரி பெரிய கேஸுக்கு டிரெயில் பாஸ்னு ஒண்ணு பண்ணாங்க, நடுவுல ஓட்டையோட வளையம் வளையமா இருக்கும், அவ்வளவு லேசு, பழைய கருமருந்து கேஸ நிரப்புறதுக்குன்னே பண்ணது. ஆனா அத அமுக்கக் கூடாது, அமுக்கினா வளையம் உடைஞ்சு மேற்பரப்பு மாறி வேகமும் மாறிடும்னு கம்பெனியே சொல்லுது.

இதுக்கு எதிர்வாதமும் இருக்கு, சொல்லிடணும். உப்பின செதில் பவுடர் அளவைக் கருவில சரியா ஓடாது. டிரம் சுத்துறப்போ செதில் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு வாய்ல பாலம் கட்டிரும், இந்த தோட்டாவுக்கு பாதி விழும், நின்ன மீதியும் சேந்து அடுத்ததுக்கு விழும். பால் பவுடர் மணல் மாதிரி ஓடும், ஒவ்வொரு தடவையும் அளவு ஒரே மாதிரி விழும், வேகமா போற புரோகிரசிவ் பிரஸ்ல (ஒரு தடவ கைப்பிடிய இழுத்தா பல வேலை ஒண்ணா நடக்குற இயந்திரம்) அது பெரிய வரம். அப்போ எது பாதுகாப்பு? என்னை கேட்டா ஒவ்வொரு தோட்டாவா சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ல பண்றவருக்கு உப்பின பவுடர், புரோகிரசிவ்ல பண்றவருக்கு நல்லா ஓடுற பால் பவுடர், கூடவே அளவு தப்பினா கத்துற பவுடர் செக் டை ஒண்ணு. 231ம் ஹெச்பி38ம் இந்த ரெண்டுக்கும் நடுவுல நல்லா நிக்கும். அது ரெண்டும் ஒரே மருந்து, ரெண்டு லேபிள், ஹாட்ஜ்டன் கம்பெனி ஒளிக்காம சொன்ன விஷயம்தான்.

லேபிள்னு சொன்னதும் ஞாபகம் வருது, பேர் குழப்பம்தான் இந்த சமாச்சாரத்துல பாதி தலைவலி. ஹெச்110ம் 296ம் ஒண்ணு. ஆனா ஹெச்4895ம் ஐஎம்ஆர் 4895ம் ஒண்ணு இல்ல, நம்பர் அதே, பவுடர் வேற. கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ், யுனிவர்சல் கிளேஸ்னு மூணு இருந்துச்சு, பேர்ல ஒட்டு மட்டும்தான் வித்தியாசம், எரியிற வேகமோ மூணும் மூணு விதம், கிளேஸ் ரொம்ப வேகம், யுனிவர்சல் கிட்டத்தட்ட யுனீக் ரகம். ஒருத்தர் வாய் வார்த்தையா "கிளேஸ் இத்தன போடு"ன்னு சொல்லி இன்னொருத்தர் அத வேற கிளேஸ்க்கு எடுத்துக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சு பாருங்க. விஹ்டவூரி கம்பெனி இதுல பரவாயில்ல, என்310, என்320, என்340ன்னு நம்பர் ஏற ஏற வேகம் குறையும், ஒரு ஒழுங்கு இருக்கு. ரெட் டாட், கிரீன் டாட், புளூ டாட்ல அந்தந்த நிறத்துல சாயம் போட்ட செதில் கலந்து வரும், டப்பாவ மாத்தி எடுத்தா கண்ணுல படட்டும்னு. மத்தபடி பெரும்பாலான பவுடர் எல்லாம் ஒரே சாம்பல் கருப்புதான், பார்த்து கண்டுபிடிக்க முடியாது, மோந்து பார்த்தும் முடியாது. அதனாலதான் மேஜைல ஒரு நேரத்துல ஒரே ஒரு டப்பாதான் இருக்கணும்ங்கிறாங்க, வேலை முடிஞ்சதும் ஹாப்பர்ல (அளவைக் கருவி மேல மருந்து கொட்டி வெக்கிற கூடு) மீதி இருக்கிறத உடனே அதே டப்பால கொட்டிடணும். ராத்திரி முழுக்க ஹாப்பர்லயே விட்டுட்டு காலைல இது எதுன்னு யோசிக்கிற நிலைமை வந்தா, அந்த மருந்து குப்பைதான், விலை எவ்வளவா இருந்தாலும். டபுள் பேஸ் பவுடர் சில ரக பிளாஸ்டிக்க அரிக்கும்ங்கிறது இன்னொரு காரணம், பழைய அளவைக் கருவில ஹாப்பர் மஞ்சளா மங்கலா ஆகியிருக்கிறது இதனாலதான்.

மெதுவான பவுடர்னா பாதுகாப்பு, கம்மியா போட்டா இன்னும் பாதுகாப்புன்னு ஒரு நம்பிக்கை பரவலா இருக்கு. ஹெச்110 இதுக்கு நல்ல எதிர் உதாரணம். .357 மேக்னம், .44 மேக்னத்துக்கு கேஸ் நிறைய போடுற மெதுவான பால் பவுடர், டபுள் சார்ஜுக்கு வழியே இல்ல, அந்த வகைல என் கட்சிக்கு பொருத்தமானதுதான். ஆனா அத பத்த வெக்கிறது கஷ்டம், நிறைஞ்ச கேஸ், மேக்னம் பிரைமர் (கேஸ் அடில இருந்து மருந்த பத்த வெக்கிற சின்ன மூடி), இறுக்கமான கிரிம்ப் (கேஸ் வாய குண்டு மேல இறுக்குறது) மூணும் வேணும். அதோட டேட்டாவ மூணு சதவீதத்துக்கு மேல குறைக்கக் கூடாதுன்னு கம்பெனி தெளிவா எழுதியிருக்கு. குறைச்சா சரியா பத்தாது, அழுத்தம் ஏறாது, குண்டு பாதி வழில பேரலுக்குள்ளயே நின்னுரும். இதத்தான் ஸ்க்விப்ங்கிறாங்க. வழக்கமான டமார் வராது, "டப்"னு ஒரு சோப்ளாங்கி சத்தம் வரும், உதையே இருக்காது. அது வெறும் புஸ்வாணம் இல்ல, அங்க கைய நிறுத்தாம அடுத்தத சுட்டா அடச்சு நிக்கிற குண்டு மேல இன்னொரு குண்டு போய் மோதும், பேரல் உப்பும் இல்லன்னா பிளக்கும். மருந்தே விழாத கேஸ், அதாவது பிரைமர் மட்டும் இருக்கிறதும் இதே வேலைய பண்ணும். அதனால சத்தம் கொஞ்சம் வேற மாதிரி கேட்டாலே நிறுத்தி, துப்பாக்கிய காலி பண்ணி, பேரலுக்குள்ள கம்பி விட்டு பார்த்துட்டுதான் அடுத்தது. மத்த பவுடருக்கு, ஆரம்ப அளவு குடுக்கலேன்னா உச்சத்துலேர்ந்து பத்து சதவீதம் குறைச்சு ஆரம்பிக்கிறது பொதுப் பழக்கம், ஆனா இந்த மாதிரி விதிவிலக்கு இருக்கிறதால அந்தந்த பவுடரோட குறிப்ப படிக்காம பொது விதிய எங்கயும் போடக்கூடாது.

டேட்டா எங்கேர்ந்து எடுக்குறோம்ங்கிறதும் பவுடர் தேர்வுலயே சேந்ததுதான். அழுத்தம் அளக்குற பேரல் வெச்சு சோதிச்சு வெளியிடுறது பவுடர் கம்பெனியும் குண்டு கம்பெனியும்தான். நம்ம கிட்ட அந்த வசதி இல்ல. வேகம் அளக்குற குரோனோகிராஃப் வாங்கலாம், அது வேகத்த சொல்லும், அழுத்தத்த சொல்லாது. பிரைமர் தட்டையாச்சா, கேஸ் உப்பிச்சான்னு பார்த்து அழுத்தம் கணிக்கிறது ரைஃபிள்ளயே அரைகுறைதான், .38 ஸ்பெஷல், .45 மாதிரி குறைஞ்ச அழுத்த தோட்டால அந்த அறிகுறி தெரியிற நேரத்துக்கு வரம்ப எப்பவோ தாண்டியாச்சு. அச்சுல வந்த டேட்டாவும் சாசனம் கிடையாது, மாறும். 2008ல அலையன்ட் கம்பெனி ஒரு எச்சரிக்கை குடுத்துச்சு, .41 மேக்னத்துல புளூ டாட் எந்த குண்டுக்கும் போடாதீங்க, .357 மேக்னத்துல 125 கிரெய்ன் குண்டுக்கு போடாதீங்கன்னு. அதுவரைக்கும் அவங்க கைடுலயே இருந்த லோடுதான் அது. பழைய மேனுவல் மட்டும் வெச்சுக்கிட்டு நான் முப்பது வருஷமா இததான் போடுறேன்னு சொல்றவங்களுக்கு இது காதுல விழுந்திருக்குமான்னே தெரியாது. தாத்தா காலத்து புத்தகம் அலமாரிக்கு அழகு, லோட் பண்ணும்போது இப்போ வெளியிட்டிருக்கிற டேட்டாவ பார்க்கணும், முடிஞ்சா ரெண்டு இடத்துல ஒத்து பார்க்கணும்.

டேட்டால எழுதியிருக்கிற குண்டும் ஒரு பேருக்காக இல்ல. ஈயக் குண்டுக்கு குடுத்தத செம்பு உறை போட்ட குண்டுக்கு போட முடியாது, உராய்வு வேற. எடை ஒண்ணா இருந்தாலும் நீளம் வேறன்னா கேஸுக்குள்ள அது இறங்குற ஆழம் வேற, மருந்து எரியிற அறையோட கொள்ளளவே மாறிடும். 9 எம்எம் கேஸ் .38 கேஸ்ல பாதிக்கு கொஞ்சம் மேலதான் இருக்கும், அழுத்தமோ அதுல ரெண்டு மடங்கு, இவ்வளவு சின்ன அறைல குண்டு ஒரு மில்லிமீட்டர் உள்ள போனாக்கூட அழுத்தம் எகிறும். பிஸ்டல்ல மேகசின்லேர்ந்து சேம்பருக்கு தோட்டா ஏறுறப்போ சரிவுல இடிச்சு குண்டு உள்ள தள்ளுப்பட வாய்ப்பு உண்டு, பிடிமானம் லூஸா இருந்தா நிச்சயம் தள்ளும். வேகமான பவுடர் இத கொஞ்சமும் மன்னிக்காது, ஏன்னா அதோட உச்ச அழுத்தம் குண்டு நகர ஆரம்பிச்ச உடனே வந்துருது. ரெடியான தோட்டாவ மேஜை விளிம்புல கட்டை விரலால அழுத்தி பாருங்க, முன்னாடியும் பின்னாடியும் நீளம் அளந்து பாருங்க, நகர்ந்திருந்தா அந்த பேட்ச் முழுக்க மறுபடி பார்க்க வேண்டியதுதான்.

சரி, பவுடர் முடிவு பண்ணியாச்சு, கேஸ்ல போட்டாச்சு. குண்ட வெக்கிறதுக்கு முன்னாடி லோடிங் பிளாக்ல அம்பது கேஸும் வரிசையா நிக்கும், அங்க ஒரு சின்ன டார்ச்ச சாய்ச்சு பிடிச்சு வரிசை வரிசையா உள்ள பார்க்கணும். எண்ண வேண்டாம், அளக்க வேண்டாம், மட்டம் மட்டும் பார்த்தா போதும். உப்பின பவுடர்னா அம்பதுலயும் மருந்தோட மேல்மட்டம் ஒரே உயரத்துல, வாய்க்கு கொஞ்சம் கீழ தெரியும், அதுல ஒண்ணு இருட்டா ஆழமா இருந்தா பார்த்த உடனே கண்ணு அங்க நிக்கும், அது காலி இல்லன்னா பாதி. ஒண்ணு வாய் வரைக்கும் ஏறி நின்னா அதுவும் அப்படித்தான். அடர்த்தியான பவுடர்ல இதே வேலைய பண்ணி பாருங்க, நிழலுக்கும் மருந்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுக்குள்ள கண்ணு பூத்துரும், நாப்பதாவது கேஸுக்கு வர்றப்போ பார்க்குற மாதிரி பார்த்துட்டு தாண்டிருவோம், மனுஷன்தானே. பவுடர் தேர்வு பண்றப்போவே இந்த டார்ச் வேலையும் சேத்து யோசிக்கணும்ங்கிறது இதுக்காகத்தான்.

தராசுல ஒரு சின்ன பொறி இருக்கு. எலக்ட்ரானிக் தராசுல கிரெய்ன், கிராம் ரெண்டும் காட்டும், பட்டன் கை பட்டு மாறிரும். ஒரு கிரெய்ன்ங்கிறது 0.0648 கிராம், ரெண்டுக்கும் பதினஞ்சு மடங்குக்கு மேல வித்தியாசம். நாலு கிராம் பிஸ்டல் கேஸ்ல அடங்காது அதனால அந்த தப்பு கொட்டியே காட்டிக் குடுத்துரும், ஆனா கேரட் மாதிரி மூணாவது அலகு இருக்கிற தராசுல, ஒரு கேரட் மூணு கிரெய்னுக்கு கொஞ்சம் மேல, அங்க தப்பினா அடர்த்தியான பவுடர் சத்தமில்லாம உள்ள போயிரும். சோதனை எடைக்கல் ஒண்ணு வெச்சு ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சரி பார்த்துக்கிறது நல்லது.

வாங்கின பவுடர் எவ்வளவு நாள் தாங்கும்னு கேப்பாங்க. நல்லா வெச்சா பல வருஷம். நைட்ரோசெல்லுலோஸ் தானா மெதுவா சிதையிற பொருள், சிதையிறப்போ வர்ற அமில வாயு இன்னும் சிதைக்கும், அத உறிஞ்சி எடுக்கத்தான் டைஃபினைலமைன் மாதிரி ஒரு ஸ்டெபிலைசர் சேக்குறாங்க, அது தீர்ந்துச்சுன்னா மருந்தோட ஆயுசு முடிஞ்சது. வெயில், சூடு இத வேகப்படுத்தும். நல்ல பவுடர திறந்தா கரைப்பான் வாடை, ஈதர் மாதிரி லேசா அடிக்கும். கெட்டுப்போனதுல மூக்க எரிக்கிற புளிச்ச அமில நெடி வரும், செங்கல் நிறத்துல தூசி மாதிரி தெரியும், தகர டப்பான்னா உள்பக்கம் துரு ஏறியிருக்கும், சிலதுல மூடிய திறந்தா பழுப்பு ஆவியே கிளம்பும். அத தோட்டாவுல போடாதீங்க, வீட்லயும் வெக்காதீங்க, உள்ளூர் தீயணைப்புத் துறைகிட்ட எப்படி ஒழிக்கிறதுன்னு கேளுங்க. வெச்சுக்கிறது அதோட சொந்த டப்பாலதான், அந்த டப்பாவே உள்ள தீப்பிடிச்சா சீக்கிரம் வாய் பிளந்து அழுத்தத்த வெளிய விடுற மாதிரி பண்ணது. பத்திரமா இருக்கட்டும்னு கனமான இரும்பு லாக்கர்ல வெச்சு பூட்டுறவங்க பண்றது நேரெதிர் வேலை, திறந்த வெளில வெறுமனே எரிஞ்சு போற மருந்துக்கு அங்க மூடின அறை கிடைக்குது. மரப் பெட்டி போதும், நெருப்பு, ஹீட்டர் பக்கம் இல்லாம.

கடைசியா, வழக்கமா வாங்குற பவுடர் கடைல இல்லன்னா என்ன பண்றதுங்கிறது. தட்டுப்பாடு வர்ற காலத்துல இது எல்லாருக்கும் வரும், அப்போதான் சார்ட்ட பார்த்து பக்கத்துல இருக்கிறத வாங்கி பழைய அளவையே போடுற ஆசையும் வரும். புது பவுடர்னா புது டேட்டா, ஆரம்ப அளவுலேர்ந்து, அஞ்சு அஞ்சு தோட்டாவா. அதே பவுடர் புது டப்பான்னாலும் லாட் நம்பர் (எந்த தடவ தயாரிச்சதுங்கிற தொகுதி எண்) பாருங்க, கம்பெனி லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும்னு ஒத்துக்குது. உச்ச அளவு ஓரத்துல லோட் பண்றவர் புது லாட்டுக்கு கொஞ்சம் கீழ இறங்கி மறுபடி ஏறணும். நடுவுல லோட் பண்றவருக்கு அந்த தொல்லை பெருசா இல்ல, இருந்தாலும் டப்பா மேல திறந்த தேதியும் நோட்டுல லாட் நம்பரும் எழுதி வெச்சுக்கிட்டா, எந்த தோட்டாலயாவது சத்தம் வேற மாதிரி வந்தா எந்தெந்த பெட்டிய தனியா எடுத்து வெக்கணும்னு தெரியும்.